கரடி தங்கிய வீடுகள்

ஆசிரியப் பயிற்சியின் நடுவில், ஒரு தை மாதத்தில், என்னை ஒஸ்லோவின் தெற்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். பெயரைச் சொல்லப்போவதில்லை. புருசெத்தில் இருட்டோடு நிலக்கீழ் ரயிலைப் பிடித்து, நகரத்தில் மாறி, ஹவுகெட்டோவில் இறங்கி, பஸ் எடுத்துப் போய்ச் சேரும்போதும் அதே இருட்டுத்தான் இருக்கும். எனக்குக் கொடுத்தது முதலாம் வகுப்பு. ஆறு வயதுப் பிள்ளைகள். நாற்பது வயதில் நான் படிக்கப் புறப்பட்டதைப் பார்த்து என் வீட்டுக்காரர், "பேரப்பிள்ளையளோட சேர்ந்து சோதினை எழுதப்போறீர் போல" என்று சிரித்திருந்தார். அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. கோபம் எனக்குச் சீக்கிரம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக்கூடாது.

வகுப்பாசிரியைதான் என் வழிகாட்டி. பயிற்சி முடிவில் நான் தேறினேனா இல்லையா என்று சொல்பவரும் அவரே. ஐம்பதைத் தாண்டியவர். தானே பின்னிய கம்பளிச் சட்டைதான் போடுவார். பிள்ளை ஒன்று விழுந்தால் முதலில் ஓடுவது அவர்தான். வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குக் கறுவாப் பட்டை போட்டுச் சுட்ட இனிப்புப் பணிஸ் செய்து கொண்டுவருவார். முதல் நாளே என் நோர்வேஜிய மொழி நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். எட்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போனவளிடம் அதைச் சொன்னால் என்ன பதில் சொல்வது? நன்றி என்றேன். அவர் கெட்ட மனுஷி இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன்.

வகுப்பில் ஒரு கரடிப் பொம்மை இருந்தது. இங்கே பல பள்ளிகளில் உள்ள வழக்கம் அது. வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளை கரடியை வீட்டுக்குக் கொண்டுபோகும். சனி, ஞாயிறு அந்தக் குடும்பத்தோடு அது தங்கும். திங்கள் காலை எல்லோரும் வட்டமாக உட்கார, கரடி என்ன சாப்பிட்டது, எங்கே போனது, யாரோடு படுத்தது என்று அந்தப் பிள்ளை கதை சொல்லும். கூச்சப்படும் பிள்ளைக்கும் அன்றைக்கு வாய் திறக்கும். அழகான வழக்கம்தான், அதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் அந்தக் கரடியை எனக்குப் பார்த்தவுடனேயே பிடிக்கவில்லை. ஒரு கண் தையல் விட்டுக் கன்னத்தில் தொங்கியது. கழுவிக் கழுவிச் சிரிப்பு அழிந்து, வாய் இருந்த இடத்தில் நூல் போன ஓட்டைகள்தான் மிச்சம். முதல் திங்கட்கிழமை வட்டம் கலைந்து இரண்டு, மூன்று மணித்தியாலம் கழித்து அதைச் சுவர்த் தட்டில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்கள். கையில் எடுத்தால் சூடாக இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்குவதுபோல இருந்தது. சட்டென்று வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

சூட்டுக்குக் காரணம் சாதாரணமானது. உடுப்பு மாற்றும் அறையில், பிள்ளைகளின் நனைந்த கையுறைகளையும் பனிச்சட்டைகளையும் காயவைக்க, ஆளுயரத்தில் ஒரு உலர்த்தும் அலுமாரி நின்றது. பக்கத்தில் கழுவும் இயந்திரம். கரடியைக் கழுவி, இரண்டு காதிலும் கிளிப் போட்டு, அலுமாரிக்குள் தொங்கவிட்டிருக்கிறார்கள். அலுமாரி எங்கள் வகுப்புச் சுவரோடு ஒட்டியிருந்தது. உள்ளே சூட்டுக்காற்று ஊதும்போது கரடி ஆடி, தகரக் கதவில் மெல்ல முட்டும். பாடம் நடக்கும்போது அந்தச் சத்தம் கேட்கும். டொக். கொஞ்சம் பொறுத்து, டொக்.

அந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகள் செய்ததுதான் என்னைக் கலங்க வைத்தது. பென்சில்கள் நிற்கும். ஒருவரும் திரும்பமாட்டார்கள், சிரிக்கமாட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் ஒரு வகுப்பு நிறைய இருந்துகொண்டு அப்படி அமைதியாவதை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒருநாள் என் பக்கத்தில் இருந்த ஒரு சிறுமி, கொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இப்போது மூச்சு விடுகிறான்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னாள். இன்னொரு பிள்ளை, "இல்லை, நிறுத்தப் பார்க்கிறான்" என்றது. பிறகு எல்லோரும் பழையபடி எழுதத் தொடங்கினார்கள்.

எல்லாத் திங்களும் கரடி கழுவப்படுவதில்லை என்பது எனக்கு மெல்லத்தான் பிடிபட்டது. நாய் வளர்க்கும் ஒரு வீட்டுக்குப் போய்வந்தபோது கரடி முழுக்க நாய் மயிர். ஆசிரியை கையால் தட்டிவிட்டுத் தட்டில் வைத்தார். மலைக்குடிலுக்குப் போய்வந்த கரடியில் விறகுப் புகை மணத்தது. அவர் அதை முகத்தோடு அணைத்துக் கண்ணை மூடி, "ஆகா, குடில் மணம்" என்றார். பிள்ளைகளும் ஒவ்வொருவராக வாங்கி மணந்து பார்த்தார்கள். அடுத்த கிழமை ஒரு சோமாலியப் பையன் கொண்டுவந்தான். அவர்கள் வீட்டில் சாம்பிராணி போடுவார்கள் போல, நல்ல வாசனை. அவன் கதை முடிவதற்குள் இயந்திரத்தின் கதவு திறந்திருந்தது. அதற்கடுத்தது பாகிஸ்தானியப் பிள்ளையின் முறை. அதுவும் நேரே தண்ணீருக்குள். அன்றைக்கு அந்தப் பிள்ளை சாப்பாட்டு நேரம் தனியே இருந்தது. யாரும் அதைத் தள்ளிவைக்கவில்லை. பக்கத்துக் கதிரைகள் தாமாகக் கொஞ்சம் விலகியிருந்தன, அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தில் அந்த வருடம் எங்களுக்குச் சமத்துவம் பற்றி விரிவுரைக்கு மேல் விரிவுரை. திரையில் பல நிறக் கைகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் படம் ஒன்றை அடிக்கடி போடுவார்கள். எல்லாம் கைகள்தான். ஒரு மூக்கைக்கூட அதில் நான் காணவில்லை.

எங்களுக்கு மணம் புதிய பாடமில்லை. ஒஸ்லோவில் தாளிக்கிற எந்தத் தமிழ் வீட்டையும் பாருங்கள், கடுகு வெடிக்க முதல் குளிர் ஜாக்கெட்டுகள் எல்லாம் படுக்கையறைக்குள் போய்க் கதவு சாத்தப்பட்டிருக்கும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன், என் பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தேன். வீட்டை விட்டு வெளிக்கிட முதல் தோளை ஒருமுறை மணந்து பார்க்காத தமிழரை எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பஞ்சுப் பொம்மைக்கும் அந்தச் சோதனை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஒரு புதன்கிழமை, பிள்ளைகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த நேரம், யாரோ மறந்துவிட்ட தொப்பியை எடுக்க உடுப்பு அறைக்குப் போனேன். அங்கே ஆள் அசைந்தால் தானாக எரிந்து, அசைவில்லாவிட்டால் தானாக அணையும் விளக்கு. அறை இருட்டாக இருந்தது. அதனால் உள்ளே ஒருவரும் இல்லை என்றுதான் நினைத்தேன். காலடி வைத்ததும் விளக்கு எரிந்தது. கொக்கி வரிசையில் தலை முதல் கால்வரை ஒன்றாகத் தைத்த சில பனிச்சட்டைகள் கையும் காலும் தொங்கத் தொங்கின. அவற்றில் ஒன்றுக்கு முகம் இருந்தது.

என் வாயிலிருந்து வந்த சத்தம் என்னுடையதென்று எனக்கே தெரியவில்லை. பிறகுதான் கண்டேன், அந்தப் பிள்ளை சுவரோரம் இருந்த மர வாங்கில் ஏறி நின்று, கழுத்துக்குப் பின்னால் இருக்கும் துணி வளையத்தைக் கொக்கியில் மாட்டியிருந்தது. கால் வாங்கில்தான் இருந்தது, ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் கண் இரண்டும் மூடி, கை இரண்டும் தொங்க, விளக்கே அணைந்துபோகும் அளவுக்கு அசையாமல் நின்றிருக்கிறது. எங்கள் வகுப்பில் இருந்த ஒரே தமிழ்ப் பிள்ளை அவள். தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த குடும்பம், ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"பிள்ளை! என்ன செய்யிறீர் இதில?"

அந்தக் கட்டடத்துக்குள் நான் முதன்முதலாகத் தமிழ் கதைத்தது அப்போதுதான்.

அவள் கண்ணைத் திறந்தாள். பயமே இல்லை. "காயுறேன் டீச்சர்."

"காயுறீரோ? என்னத்துக்கு?"

"வெள்ளிக்கிழமை டெடி எங்க வீட்டுக்கு வருது. நான் முன்னாடியே காஞ்சுட்டேன்னா டெடியத் தண்ணில போட மாட்டாங்க. தண்ணில போட்டா அது செத்துரும்."

"ஆர் உமக்கு இதெல்லாம் சொன்னது?"

"யாரும் சொல்லல" என்றாள். "எல்லாருக்கும் தெரியும்."

அவளைக் கொக்கியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். உம்முடைய வீட்டில் ஒரு பிழையும் இல்லை, டெடி சாகாது என்று சொன்னேன். ஓம், உண்மையாகத்தான் என்றேன். அவள் மரியாதையாகத் தலையாட்டினாள். "ஓம்னா ஆமாவா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று பின்னேரமே ஆசிரியையிடம் போனேன். கோபத்தை அடக்கிக்கொண்டு கண்டதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். சாம்பிராணி, நாய் மயிர், விறகுப் புகை, கொக்கியில் தொங்கிய பிள்ளை. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஆஸ்துமா இருக்கிறது. கடுமையான வாசனை ஆகாது" என்றார்.

"நாய் மயிர் ஆகுமா?"

அவர் முகம் மெல்லச் சிவந்தது. "நான் பிள்ளைகளிடம் நிறம் பார்ப்பதில்லை" என்றார். "நீயும் உன் கண் பார்த்ததைச் சொல்லப் பழகவேண்டும், உன் மனம் சேர்த்ததை அல்ல. எல்லா இடத்திலும் காயத்தைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தத் தொழில் மிகவும் கஷ்டமாக இருக்கும்." குரல் இனிமையாகத்தான் இருந்தது. என்னைத் தேற விடுவதா இல்லையா என்பது அவர் கையில் என்பதை இரண்டு பேரும் அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டோம். கொக்கி விஷயத்தை அவர் பாரதூரமாக எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையில், வாங்கில் ஏறி நிற்கக்கூடாது என்று வகுப்புக்கு ஒரு புதுச் சட்டம் வந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வாசல் படலையடியில் பிள்ளையின் தாயைக் கண்டேன். என்னை விடப் பத்து, பன்னிரண்டு வயது இளையவர். ஊரில் இன்ஜினியர், இங்கே வேலை தேடிக்கொண்டிருந்தார். கரடியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்.

"மேடம், நீங்க சிலோன் தமிழா? பாப்பா சொன்னா. இந்த டெடிய என்ன பண்ணணும்னே புரியல. ஸ்மெல் வந்துடக்கூடாதாம், ஒரே அழுக."

"ஒண்டும் செய்யாதேங்கோ" என்றேன். "வழமைபோலச் சமையுங்கோ, சாப்பிடுங்கோ. பிள்ளையோட படுக்க விடுங்கோ. நான் அங்கை கதைச்சிருக்கிறன், திங்கட்கிழமை நான் பாத்துக்கொள்ளுறன்."

"சரிங்க மேடம், சரிங்க" என்றார். ஒரு சொல்லும் அவர் காதில் ஏறவில்லை என்பது அவர் பையைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவருடைய இடத்தில் நானும் என்னை நம்பியிருக்கமாட்டேன்.

திங்கள் காலை இருவரும் பனிக்குள்ளால் வந்தார்கள். பிள்ளை கரடியை ஒரு பலகையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தாள். தாயின் முகத்தில் நல்ல பெருமை.

"சுத்தமாத் துவைச்சாச்சு மேடம். வாசனையே இல்லாத சோப்பு. ரெண்டு நாளா அடுப்பே பத்த வைக்கல, பிரெட்தான்."

"எங்கை காயப்போட்டனீங்கள்?"

"பால்கனிலதான். நேத்து நல்ல வெயில் அடிச்சுதே."

வெயில் அடித்ததுதான். இரும்பைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும் குளிரில் அடித்த வெயில். எங்கள் ஊர் வெயிலை நம்பி வளர்ந்த யாருக்கும் இங்கே முதல் குளிர்காலத்தில் நடக்கிற பிழைதான் அது. என் அம்மாவின் சேலைகூட ஒருமுறை கொடியில் தகரம்போல நின்றது. கரடி உள்வரை உறைந்துபோயிருந்தது. தொங்கும் கண்ணின் மேல் பனி பூத்திருந்தது. மணந்து பார்த்தேன். பஞ்சின் மணம்கூட இல்லை.

வட்டத்தில் அவள் நடுக் கதிரையில் இருந்தாள். கரடி பக்கத்துக் கதிரையில், முதுகு வளையாமல், எழுந்து நிற்பதுபோல இருந்தது. ஆசிரியை என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வழக்கமான உற்சாகத்தோடு, கரடி உன் வீட்டில் என்ன செய்தான் என்று கேட்டார்.

"வெளியே நின்றான்" என்றாள் பிள்ளை, தன் புது நோர்வேஜிய மொழியில், ஒவ்வொரு சொல்லாக. "கண்ணாடிக்கு வெளியே. இரவும். எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றான்."

"உள்ளே வரவில்லையா?"

"நாங்கள் விடவில்லை. உள்ளே வந்தால் எங்கள் வீடு அவனில் ஒட்டிவிடும்."

ஒரு பிள்ளையும் அசையவில்லை. ஆசிரியையின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை. அப்போதுதான் கரடியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. முதலில் கால் நுனியில். பிறகு கண் தொங்கிய இடத்தில். உறைந்தது இளகியபோது கழுத்துத் தையல் மெல்லப் பிரிந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, யாரையோ தேடுவதுபோலத் திரும்பி, உள்ளிருந்த சாம்பல் நிறப் பஞ்சு வெளியே வந்தது. "போய்விட்டான்" என்று ஒரு குரல் கேட்டது. எந்தப் பிள்ளை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆசிரியை எழுந்து, இரண்டு கையாலும் கரடியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான் பின்னால் போனேன். உடுப்பு அறையில், இயந்திரத்துக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால்தான் அடுத்து நடந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கரடியைக் குப்பையில் போட்டார்கள். ஆசிரியர் கூட்டத்தில் பேசி, சுகாதாரக் காரணத்துக்காக எல்லா வகுப்புகளிலும் பொம்மை வீட்டுக்குப் போகும் வழக்கத்தையே நிறுத்திவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி. சமத்துவம்.

"பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்" என்று ஆசிரியையிடம் சொன்னேன். "அளவுக்கு மிஞ்சிக் கழுவியதால்தான் அது பிரிந்தது, அவளுடைய வீட்டால் அல்ல என்று வட்டத்தில் வைத்து நீங்களே சொல்லவேண்டும். அவர்கள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?"

"சொன்னால் அது அவளுக்கு இன்னும் பெரிதாகிவிடும்" என்றார் ஆசிரியை. "அவளைப் பாதுகாப்போம். பேசாமல் விட்டால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள்."

நான் சொல்கிறேன் என்றேன். வகுப்பு தன் பொறுப்பு, பயிற்சி மாணவியின் பொறுப்பு அல்ல என்றார். என்றாலும் நான் சொன்னேன். மறுநாள் முற்றத்தில், கையில் அகப்பட்ட பிள்ளைகளை இருத்தி, தையல் என்றால் என்ன, தண்ணீர் உறைந்தால் என்ன நடக்கும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள். "ஆனால் மற்ற வீடுகளில் அவன் சாகவில்லையே" என்றான் அந்தச் சோமாலியப் பையன். அவன் முகத்தில் பொல்லாப்பு இல்லை. தன் வீட்டில் நடக்கவில்லை என்ற ஆறுதல்தான் இருந்தது.

நான் தேறினேன். கடினமான விஷயங்களைத் துணிந்து பேசுபவள் என்று ஆசிரியை எல்லோருக்கும் முன்னால் என்னைப் பாராட்டினார். பணிஸ் தந்தார். கடதாசித் துண்டில் சுற்றிப் பைக்குள் போட்டேன்.

கடைசி நாள், வெளியே போகும் மணி அடித்தபோது, பிள்ளை பனிச்சட்டையின் ஜிப் சிக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். முழந்தாளிட்டு அதை எடுத்துவிட்டேன். மற்றவர்கள் போகும்வரை பார்த்திருந்துவிட்டு, என் காதோடு குனிந்தாள்.

"டீச்சர், டெடி உங்க வீட்டுக்கு வந்திருந்தாலும் செத்துப்போயிருக்கும்ல?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இல்லை என்றால், சாகடித்த வீடு அவளுடையது மட்டும்தான் என்றாகிவிடும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. துணை கிடைத்த நிம்மதி அது. என் கையைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் வந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு நான் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தது அதுதான்.